லூபஸ் நோயும் மனநலமும்: டெல்டா மாவட்டக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

லூபஸ் என்று எழுதிய சீட்டோடு வீடு திரும்பும் குடும்பத்துக்கு மூட்டுவலி, கன்னச் சிவப்பு, சிறுநீரகம், வெயில் ஆகியவற்றைப் பற்றி ஓரளவு சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மூளையைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் பெரும்பாலும் பேச்சு எழுவதில்லை. எழுந்தாலும் அன்றைய கலக்கத்தில் அது காதில் ஏறுவதில்லை. பிறகு ஒருநாள், நன்றாக இருந்த பெண் இரவெல்லாம் விழித்திருக்கிறாள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறாள், காரணம் சொல்லத் தெரியாமல் அழுகிறாள், அல்லது யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுவதாகச் சொல்கிறாள். வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் கிளம்பும். மாத்திரையின் சூடு என்பார் ஒருவர். காத்துக் கருப்பு என்பார் இன்னொருவர். வேலை செய்ய மனமில்லை என்று மூன்றாமவர் சொல்லாமல் சொல்வார்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இந்நோயோடு புதிதாக வாழத் தொடங்கியிருப்போரும் அவர்களைப் பார்த்துக்கொள்வோரும் அந்த நாளில் என்ன செய்ய வேண்டும், அதற்கு முன்பே எதற்கெல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மருந்தின் அளவை முடிவுசெய்வது மருத்துவரின் வேலை. அந்த முடிவுக்குத் தேவையான செய்தியைக் காலம் தாழ்த்தாமல் அவரிடம் கொண்டுசேர்ப்பது வீட்டாரின் வேலை. இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

முதற்படி: உள்ளே நடப்பதை அறிந்துகொள்ளுங்கள்

லூபஸ் ஒரு தன்னுடல் தாக்குநோய். கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் உடலின் சொந்தத் திசுக்களையே தாக்குகின்றன. நோய் கண்டோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள்; பெரும்பாலோருக்கு 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில், அதாவது படிப்பும் திருமணமும் பிள்ளைப்பேறும் நடக்கும் காலத்தில், இது தொடங்குகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தட்டையோ துண்டையோ பிரித்து வைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

மூளையை இது இரண்டு வழிகளில் தொடுகிறது. ஒன்று அழற்சி: எதிர்ப்பொருள்களும் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களும் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து சென்று நரம்பணுக்களின் வேலையைக் குலைப்பதால் வலிப்பு, சித்தக் குழப்பம், இல்லாத குரல் கேட்பது போன்றவை உண்டாகின்றன. மற்றொன்று இரத்த ஓட்டத் தடை: ஆன்டிபாஸ்போலிப்பிட் எனப்படும் எதிர்ப்பொருள்கள் இருப்போருக்கு இரத்தம் எளிதில் உறைந்து மூளைக்குப் போகும் குழாயை அடைத்துவிடலாம். முப்பது வயதுப் பெண்ணுக்குப் பக்கவாதம் வந்தால் மருத்துவர்கள் இந்த எதிர்ப்பொருள்களைத் தேடிப் பார்ப்பது இதனால்தான். அமெரிக்க ரூமட்டாலஜி (மூட்டு, தன்னுடல் தாக்குநோய்களுக்கான மருத்துவம்) மருத்துவர் அமைப்பு 1999-இல் வெளியிட்ட பட்டியலில் லூபஸோடு தொடர்புடைய நரம்பு, மன நிலைகள் 19 உள்ளன. அவற்றில் 12 மூளையையும் தண்டுவடத்தையும் சார்ந்தவை, 7 வெளி நரம்புகளைச் சார்ந்தவை. தலைவலி, வலிப்பு, பக்கவாதம், மனச்சோர்வு, பதற்றம், நினைவுத் தடுமாற்றம், உளப்பிறழ்வு ஆகிய எல்லாம் அப்பட்டியலில் அடங்கும். உளப்பிறழ்வு என்பது நடப்புக்கும் நினைப்புக்கும் இடையிலான எல்லை கலைந்துபோகும் நிலை.

இரண்டாம் படி: மூன்று காரணங்களில் எது என்று கேளுங்கள்

இந்தப் பட்டியலைப் படித்தவுடன் எல்லாத் தொல்லையையும் லூபஸின் கணக்கில் எழுதிவிடத் தோன்றும். ஆனால் லூபஸ் உள்ளோருக்கு வரும் நரம்பு, மனச் சிக்கல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே நேரடியாக அந்நோயால் வருவதாக, நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டுகின்றன. மீதி வேறு காரணங்களால் வருகிறது. ஆகவே மனத்தில் புதிதாக எந்த மாற்றம் தென்பட்டாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது நோயால் வந்ததா, மருந்தாலோ உடலின் வேறு கோளாறாலோ வந்ததா, அல்லது நோயோடு வாழ்வதன் பாரத்தால் வந்ததா?

முதல் வகை, அதாவது லூபஸே மூளையைத் தாக்குவது, நோய் கண்டறியப்படும் காலத்தையொட்டியோ அதற்கடுத்த ஓராண்டுக்குள்ளோ வருவதே மிகுதி. பெரும்பாலும் கூடவே மூட்டு வீக்கமோ, புதிய தடிப்போ, முடி உதிர்வோ, சிறுநீரில் நுரையோ இருக்கும். எப்போதும் இருந்தே தீரும் என்பதில்லை.

இரண்டாம் வகையில் முதலில் நினைக்க வேண்டியது, அழற்சியை அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டு. உயிரைக் காக்கும் இந்த மருந்தே தூக்கத்தைக் கெடுக்கும்; மனத்தைக் காரணமில்லாத உற்சாகத்துக்கோ ஆழ்ந்த சோகத்துக்கோ தள்ளும்; சிலருக்கு உளப்பிறழ்வையும் உண்டாக்கும். தொடங்கியோ அளவைக் கூட்டியோ ஓரிரு வாரங்களுக்குள் இது தலைகாட்டுவது வழக்கம். அளவுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பழைய கணக்கு ஒன்று இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பாஸ்டனில் மருத்துவமனை நோயாளிகளைக் கொண்டு 1972-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 40 மி.கி. வரை பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டை எடுத்தோரில் 1.3 விழுக்காட்டினருக்கும், 41 முதல் 80 மி.கி. வரை எடுத்தோரில் 4.6 விழுக்காட்டினருக்கும், அதற்கு மேல் எடுத்தோரில் 18.4 விழுக்காட்டினருக்கும் மனநலத் தொல்லைகள் ஏற்பட்டன. உயர்ந்த அளவிலும் பெரும்பாலோருக்கு இப்படி நேரவில்லை என்பதையும் அதே எண்களில் படிக்கலாம்.

இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. லூபஸால் வந்த உளப்பிறழ்வுக்கு ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும். ஸ்டீராய்டால் வந்ததற்கு அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே அறிகுறிக்கு எதிரெதிரான இரண்டு சிகிச்சைகள் இருக்கும்போது, எது முதலில் வந்தது, மாத்திரை மாறிய எத்தனையாம் நாள், கூட வேறென்ன இருந்தது என்ற விவரங்களே முடிவைத் திருப்புகின்றன. அவ்விவரங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். வீட்டாரே மாத்திரையை நிறுத்திப் பார்த்துவிட்டு வந்தால் தடயம் பாதி அழிந்துவிடும்.

கிருமித்தொற்றும் இந்த இரண்டாம் வகையே. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை எடுப்போருக்குக் காசநோய் உள்ளிட்ட கிருமிகள் மூளை உறையைத் தாக்கக்கூடும் என்பதால், காய்ச்சலோடு தலைவலியும் குழப்பமும் சேர்ந்து வந்தால் அது தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை தொற்றாகவே கருதப்படும். இரத்தச் சர்க்கரை ஏறுவது, சோடியம் குறைவது, சிறுநீரகம் தளர்வது, இரத்த அழுத்தம் திடீரென உயர்வது, தைராய்டு சுரப்பு குறைவது, பி12 வைட்டமின் பற்றாக்குறை, இரத்தசோகை ஆகிய ஒவ்வொன்றும் மனத்தைக் கலக்கவல்லது. எளிய பரிசோதனைகளில் தெரியவும் வல்லது. தலைவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென் கூட, அரிதாக, லூபஸ் உள்ளோருக்கு மூளை உறை அழற்சியை ஒத்த காய்ச்சலையும் கழுத்து இறுக்கத்தையும் தரலாம். சிறுநீரகத்துக்கும் அது ஆகாது.

மூன்றாம் வகையைப் பற்றி மருத்துவர்களைவிடக் குடும்பத்துக்கு அதிகம் தெரியும். கன்னத்தில் தழும்பு, வீங்கிய முகம், நின்றுபோன வேலை, தள்ளிப்போன திருமணம், மாதாமாதம் பேருந்துச் செலவு, பிள்ளை பெறலாமா என்ற கேள்வி ஆகிய இவற்றுக்கிடையே ஒருவர் சோர்ந்துபோவதற்கு மூளையில் அழற்சி தேவையில்லை. அதனால் அந்தச் சோர்வு பொய்யாகிவிடாது. அதற்கும் சிகிச்சை உண்டு.

மூன்றாம் படி: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

கைபேசியில் குறித்தாலும் ஆகும். ஆனால் புறநோயாளிப் பிரிவில் அதைத் தேடி எடுத்துக் காட்டுவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் நோயின் பெயர், கண்டறிந்த மாதம், இப்போதைய மருந்துகள், அவற்றின் அளவு, ஒவ்வாமை, ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனையின் முடிவு ஆகியவற்றை எழுதிவிடுங்கள். பிறகு ஏதாவது மாறிய நாளில் மட்டும் ஓரிரு வரிகள் எழுதினால் போதும். ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

"திங்கள்: ஸ்டீராய்டு மாத்திரை 10 மி.கி.யிலிருந்து 40 மி.கி. செவ்வாய்: நல்ல பசி, இரவு ஒரு மணி வரை தூங்கவில்லை. வியாழன்: விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பாத்திரம் விளக்கினாள், பேச்சு அதிகம். வெள்ளி: மகளிர் குழுக் கணக்கை மூன்று முறை கூட்டியும் தவறு, கேட்டதற்குக் கோபம். காய்ச்சல் இல்லை. சனி: பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னாள்."

இதைப் படிக்க மருத்துவருக்கு அரை நிமிடம் ஆகும். "ஒரு மாதிரியா இருக்கா டாக்டர்" என்று மட்டும் சொன்னால், இதே செய்தியைப் பெற அவர் பதினைந்து கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவு நேரம் அவருக்கு இருக்காது. எனவே வாயால் சொல்வதையும் முன்கூட்டியே சுருக்கி வைத்துக்கொள்வது நல்லது: "டாக்டர், மாத்திரைய பத்துலேருந்து நாப்பதாக்கி இன்னியோட ஆறு நாள் ஆவுது. நாலாம் நாள்லேருந்து தூக்கமே இல்ல. முந்தி இவளுக்கு இப்படி வந்ததே இல்ல. காய்ச்ச இல்ல." மாறியது என்ன, எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது, முன்பு இருந்ததா, காய்ச்சல் உண்டா ஆகிய ஐந்தும் இதற்குள் வந்துவிடுகின்றன. நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு அவரைப் பற்றி உள்ளே பேசுவது தவிர்க்கத்தக்கது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாக ஏற்கெனவே எண்ணுபவரின் முன்னிலையில் அது என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் படி: உடனே கிளம்ப வேண்டிய வேளைகளை மனப்பாடம் செய்யுங்கள்

அடுத்த சந்திப்பு நாள்வரை பொறுக்கலாகாதவை சில உண்டு: முதல் முறையாக வரும் வலிப்பு, முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல், காய்ச்சலோடு குழப்பம், திடீரெனப் பார்வை மங்குதல், இரு கால்களும் வலுவிழந்து சிறுநீர் கட்டுப்படாமல் போதல், இதுவரை கண்டிராத கடுந்தலைவலி, ஆள், நாள், இடம் தெரியாமல் பேசுதல், உயிரை விட்டுவிடுவதாகச் சொல்லுதல். இவற்றுள் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வேதாரண்யத்திலோ கோடியக்கரையிலோ இருப்போர் இதில் எவ்வளவு நேரம் சாலையிலேயே போகும் என்பதை இப்போதே கணக்கிட்டு, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள அருகிலுள்ள பெரிய மருத்துவமனை எது என்று விசாரித்து வைத்திருக்க வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் சொல்ல வேண்டிய முதல் சொல் லூபஸ் என்பதாக இருக்கட்டும்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, அருகிலுள்ள கூர்மையான பொருள்களை அகற்றினால் போதும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதும், பற்களுக்கிடையே கரண்டியைத் திணிப்பதும், வாயில் நீர் ஊற்றுவதும் பயன் தராதவை. பின்னிரண்டும் தீங்கும் செய்யும்.

ஐந்தாம் படி: எங்கே போவது, என்ன பரிசோதனை

லூபஸுக்கு முதன்மை மருத்துவர் ரூமட்டாலஜி நிபுணர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்கெனத் தனித்துறை உண்டு. புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நோயெதிர்ப்பியல் சார்ந்த துறைகள் இந்நோயைப் பார்க்கின்றன. ஆனால் ஒவ்வொரு தூக்கமின்மைக்கும் அவ்வளவு தூரம் போக இயலாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஆகியவற்றின் பொது மருத்துவப் பிரிவும் மனநலப் பிரிவும் இடைப்பட்ட காலத்துக்குப் பற்றுக்கோடு. தொலைவில் ஒரு நிபுணர், பக்கத்தில் ஒரு பொது மருத்துவர் என்று இருவரை வைத்துக்கொண்டு, இருவரும் ஒரே நோட்டைப் பார்க்கும்படி செய்வதுதான் நம் பகுதிக்கு ஒத்துவரும் ஏற்பாடு என்பது என் கருத்து. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு. உள்நோயாளியாகச் சேரும் அன்று அட்டையைத் தேடி அலையாமல் கோப்பிலேயே அதன் நகலை வைத்துவிடுங்கள்.

மூளையில் லூபஸ் இருக்கிறது என்று ஒரே சோதனையில் சொல்லிவிட முடியாது. இரத்த எண்ணிக்கை, சர்க்கரை, சோடியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், லூபஸின் வேகத்தைக் காட்டும் சி3, சி4, டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்பொருள் ஆகிய பரிசோதனைகளோடு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், வலிப்பின் ஐயம் இருந்தால் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. இயல்பாக இருப்பதாலேயே ஒன்றுமில்லை என்றாகாது; லூபஸ் உளப்பிறழ்வில் ஸ்கேன் இயல்பாகவே இருப்பதுண்டு. ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் இருப்பதாக வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதிசெய்வது விதி. அந்த இரண்டாம் பரிசோதனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றதும் கையெழுத்திட மறுத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிடும் குடும்பங்கள் உண்டு. கால் விளங்காமல் போய்விடும் என்ற அச்சமே காரணம். தண்டுவடம் முடிவடையும் இடத்துக்குக் கீழேதான் ஊசி செல்கிறது. சிலருக்கு இரண்டொரு நாள் தலைவலி இருக்கும். மூளை உறையில் காசநோயா, வேறு கிருமியா, லூபஸ் அழற்சியா என்பதைப் பிரித்தறிய இதைவிட நல்ல வழி இல்லை. பிரித்தறியாமல் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்டினால் தொற்று உயிரைக் குடித்துவிடும்.

காரணம் லூபஸ் அழற்சியே என்று தெளிந்தால் மெதில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவதும், நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகளும் வழக்கம். இரத்த உறைவால் வந்ததானால் வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பு மருந்து. வார்ஃபரின் எடுப்போர் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஒருவாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கோயிலும் தர்காவும் மாத்திரையும்

மனம் கலங்கியவரைத் தெய்வ சந்நிதிக்கு அழைத்துச் செல்வது காவிரிக் கரையில் நெடுநாள் வழக்கம். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கி வழிபடுவோர் உண்டு. நடுக்கம் தீரத் திருபுவனம் சரபேசுவரரிடம் போவோரும், நாகூர் தர்காவில் தங்குவோரும் உண்டு. அங்கே போவதால் மனத்துக்குக் கிடைக்கும் ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். நோயாளிக்கு மட்டுமன்றிப் பார்த்துக்கொள்வோருக்கும் அது வேண்டியிருக்கிறது. கேட்டுக்கொள்வது இரண்டே: மாத்திரைப் பெட்டியும் உடன் போகட்டும்; நான்காம் படியில் சொன்ன அறிகுறிகள் இருந்தால் முதலில் மருத்துவமனை, பிறகு சந்நிதி. வேப்பிலை அடிப்பதும் புகை போடுவதும் பட்டினி போடுவதும் சுரம் உள்ள உடலுக்கு ஆகாதவை. விரதத்தின் பேரில் ஸ்டீராய்டை விடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது.

காரணம் இதுதான்: வெளியிலிருந்து பல வாரம் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் உற்பத்தியைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து, மயக்கமும் குழப்பமும் வந்து, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தூக்கம் கெடுகிறது என்றால் நிறுத்தாமல், காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாக எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பலருக்கு இந்த ஒரு மாற்றமே உதவுகிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நோய் திரும்பக் கிளம்புவதைக் குறைக்கும் அடிப்படை மருந்து. எடையில் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மேல் போகாமல் தருவார்கள். 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது நாளொன்றுக்கு 200 மி.கி. ஆகிறது. தொடக்கத்தில் ஒருமுறையும், ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் கண் பரிசோதனை வேண்டும்.

மனநல மருத்துவரிடம் போகும்போதும் லூபஸ் இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மனநிலையைச் சீராக்கத் தரும் லித்தியம் போன்ற மருந்து தளர்ந்த சிறுநீரகத்துக்கு ஒவ்வாது. அதே வகையில் தரப்படும் வால்புரோயேட் பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படுவது. சில மனச்சோர்வு மருந்துகள் வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். சல்ஃபா வகை ஆன்டிபயாடிக்குகள் லூபஸைக் கிளறக்கூடும் என்பதால் அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளும் வேண்டாம். ஏற்கெனவே எல்லை மீறி வேலை செய்யும் எதிர்ப்புச் சக்தியை இன்னும் தூண்டுவது எதற்கு? சீந்தில் கொடி எடுத்தோருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை இந்திய மருத்துவர்களே பதிவுசெய்திருக்கிறார்கள்.

மறதியும் வயலும்

லூபஸ் உள்ளோர் பலர் சொல்லும் குறை, தலைக்குள் மூட்டம் போட்டதுபோல் இருக்கிறது என்பது. சொல் வாய்க்கு வர மறுக்கிறது, படித்த பக்கம் நிற்பதில்லை, கடைக்குப் போனபின் என்ன வாங்க வந்தோம் என்பது தெரிவதில்லை. மருத்துவர் கடிகாரம் வரையச் சொல்வதும், ஐந்து சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பதும் இதை அளப்பதற்கே. தூக்கம், வலி, மனச்சோர்வு, இரத்தசோகை ஆகியவற்றைச் சரிசெய்தாலே பலருக்கு மூட்டம் குறைகிறது. கணக்கு வேலையைக் காலையில் முடிப்பது, மாத்திரையைக் கிழமை எழுதிய பெட்டியில் போட்டு வைப்பது, அடுப்படியில் நின்றபடி கைபேசியில் பேசாதிருப்பது ஆகியவை சிறு உதவிகள். வீட்டார் செய்யத்தக்கது, "இதுகூட ஞாபகமில்லையா" என்ற கேள்வியைக் கைவிடுவது.

வெயில் நோயைக் கிளறும் என்பதால் நடவு, களையெடுப்புக் காலம் கடினமானது. தேங்கிய நீரிலிருந்து வெளிச்சம் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். சேலைமேல் முழுக்கைச் சட்டையும் தலைமுண்டும் போட்டுக்கொண்டு நடவுக்கு இறங்கும் நம் பெண்களின் வழக்கம் இந்நோய்க்கு நல்ல காப்பு. இருந்தாலும் காலை பத்து முதல் மாலை நான்கு வரை வயலில் நிற்பதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டும். கூலி வேலையில் அது அவ்வளவு எளிதன்று என்பது தெரிந்ததே. நாற்றுக்கட்டு, களத்து வேலை என்று நிழலில் செய்யத்தக்க பங்கை மேஸ்திரியிடம் கேட்டுப் பெறுவது சில ஊர்களில் நடக்கிறது.

பிள்ளைப்பேற்றை நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும் காலத்தில், மருந்துகளை மாற்றிக்கொண்டபின் திட்டமிட வேண்டும். நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் மைக்கோஃபினோலேட்டும் கருவுக்கு ஆகாதவை. ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் இருப்போர் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடக் கூடாது.

மனச்சோர்வு ஆழமாகும்போது

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, சாப்பாடு இறங்காமை, அதிகாலை விழிப்பு, தான் வீட்டுக்குப் பாரம் என்ற பேச்சு ஆகியவை இருந்தால் அது மருத்துவம் தேவைப்படும் சோர்வு. "தைரியமா இரு" என்று சொல்வதால் அது போவதில்லை. சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டால்தான் வெளியே வரும். அப்படி ஒரு பேச்சு வந்த வீட்டில், அன்றே, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தும் எலிமருந்தும் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். திண்ணை ஓரத்திலும் மாட்டுக்கொட்டகைப் பரணிலும் அவற்றை வைப்பது நம் வழக்கம். நம்பத்தக்க உறவினர் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை மிகையாக விழுங்கினால் இதயம் நின்றுபோகக் கூடும் என்பதால் மாத்திரைகளை ஒருவர் கையில் வைத்து அன்றன்றைக்குரியதை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பார்த்துக்கொள்வோரும் தமக்காகப் பேசலாம். போலீஸ் வழக்காகிவிடும் என்று அஞ்சி முயற்சியை மறைப்பவர்கள், 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அத்தகையவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருதி, வழக்கிலிருந்தும் தண்டனையிலிருந்தும் பொதுவாகக் காக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

மழைக்கு முன் மருந்து இருப்பு

டெல்டாவுக்கே உரிய ஏற்பாடு ஒன்று மீதமிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபின் சாய்ந்த மரங்களால் சாலைகள் அடைபட்டு, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது. ஸ்டீராய்டையும் வலிப்பு மாத்திரையையும் நாள் தவறாமல் எடுக்க வேண்டியவருக்கு அது என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். செப்டம்பர் மாதச் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லி, கையிருப்பு எப்போதும் குறைந்தது மூன்று வாரத்துக்கு இருக்கும்படி சீட்டு எழுதி வாங்குங்கள். மாத்திரைகளையும், நோட்டையும், காப்பீட்டு அட்டையின் நகலையும் தடித்த பாலித்தீன் உறையில் கட்டி, வெள்ளம் ஏறாத உயரத்தில், வீட்டில் உள்ள இருவருக்காவது தெரிந்த இடத்தில் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்து முகாமுக்குப் போக நேர்ந்தால் பொறுப்பிலிருக்கும் செவிலியரிடம் நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டிவிடுங்கள்.